ஃபாரெல் தனக்கே பீட் போட்டுக்கொண்ட ஆண்டு

அமெரிக்க இசைக்கலைஞர் ஃபாரெல் வில்லியம்ஸ் செய்த பல பாட்டுகளை முதல் இரண்டு வினாடியிலேயே கண்டுபிடித்துவிடலாம். பாட்டின் முதல் ஒலி அப்படியே நான்கு தடவை தட்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்தான் பாட்டு கிளம்பும். 2003இல் வந்த ‘ஃப்ரன்டின்’ பாட்டில் அது கிட்டார். பத்து ஆண்டு கழித்து வந்த ‘ஹாப்பி’யிலும் அதே நான்கு தட்டு. வாசலில் நின்று கதவைத் தட்டி, "நான்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வருகிற மாதிரி இருக்கும்.

அந்த ஆள் தன் பெயரில் முதன்முதலாக ஒரு முழு ஆல்பம் போட்டபோது என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆல்பத்தின் பெயர் ‘இன் மை மைண்ட்’. 2006 ஜூலை 25 அன்று வெளிவந்தது. அன்றைக்கு அமெரிக்க பாப் இசையில் ஃபாரெலைவிடத் தேவைப்பட்ட ஆள் அதிகம் பேர் இல்லை. இருந்தும் அந்த ஆல்பத்தை ஒரு சறுக்கலாகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அண்மையில் சில வாரங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏமாற்றம் குறையவில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது முன்பைவிடத் தெளிவாகக் காதில் விழுந்தது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். ஹிப்ஹாப்பில் புரொடியூசர் என்றால் இசையைச் செய்கிறவர். டிரம் எப்படி விழவேண்டும், பேஸ் எங்கே வரவேண்டும், பாடகர் எங்கே மூச்சு வாங்கவேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர். பீட் என்று அந்த உலகத்தில் சொல்வது தாளத்தை மட்டும் அல்ல. குரல் ஏறுவதற்கு முன்னால் இருக்கும் முழு இசைத்தடமும் பீட்தான். அதன்மேல் ராப்பர், அதாவது தாளத்தோடு பேசுவது போல வரி சொல்கிறவர், தன் வெர்ஸை, அதாவது தன் பங்கு வரிகளைச் சொல்வார். இந்த வேலையில் பெரிய திறமை எது என்று என்னைக் கேட்டால், எதை வாசிக்கிறோம் என்பதைவிட எதை வாசிக்காமல் விடுகிறோம் என்பதைத்தான் சொல்வேன். அடுத்தவர் வந்து நிற்க இடம் விடவேண்டும்.

ஃபாரெலுக்கு அது கைவந்த கலை. வர்ஜீனியா மாநிலத்தின் வர்ஜீனியா பீச் நகரத்தில் 1973இல் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் ஓர் இசை முகாமில் சாட் ஹ்யூகோவைச் சந்தித்தார். இவர் டிரம்ஸ், அவர் சாக்ஸஃபோன். இருவரும் சேர்ந்து ‘தி நெப்டியூன்ஸ்’ ஆனார்கள். அந்த ஊர் வட்டாரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த டெடி ரைலி என்ற பெரிய புரொடியூசரின் கண்ணில், ஒரு பள்ளித் திறமைப் போட்டி மூலம் பட்டார்கள். 1992இல் வந்த ‘ரம்ப் ஷேக்கர்’ என்ற ஹிட் பாட்டில் டெடி ரைலி சொல்லும் வெர்ஸை எழுதிக் கொடுத்தது பள்ளி வயதைத் தாண்டாத ஃபாரெல். ஆக, அவருடைய முதல் வெற்றியே இன்னொருவர் வாய்க்கு எழுதியதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1998இல் ராப்பர் நோரியேகாவின் ‘சூப்பர்தக்’ வந்ததிலிருந்து நெப்டியூன்ஸ் கை வைத்ததெல்லாம் ஓடியது. கெலிஸ், மிஸ்டிகல், ஜே-ஸீ, பிரிட்னி ஸ்பியர்ஸ், நெல்லி, ஜஸ்டின் டிம்பர்லேக் என்று பட்டியல் நீளும். 2002இல் க்ளிப்ஸ் என்ற ராப் இரட்டையருக்காகச் செய்த ‘க்ரைண்டின்’ பாட்டில் ராகம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. கதவை அறைகிற மாதிரி டிரம் சத்தம், நாக்கைச் சொடுக்குகிற மாதிரி சில ஒலிகள், அவ்வளவுதான். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் மதிய உணவு மேசையில் கையாலேயே அதை அடித்துக்காட்டினார்கள். ஒரு மேசையும் இரண்டு கையும் போதும், பாட்டு வந்துவிடும். 2004இல் ‘டிராப் இட் லைக் இட்ஸ் ஹாட்’. அதிலும் வாய்ச் சொடுக்குதான் முக்கிய வாத்தியம். பத்து ஆண்டுக்கு மேல் புகழோடு இருந்த ராப்பர் ஸ்னூப் டாக், அமெரிக்க ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதன்முறையாக முதலிடம் பிடித்தது அந்தப் பாட்டால்தான். அடுத்த ஆண்டு க்வென் ஸ்டெஃபானிக்குச் செய்த ‘ஹாலபேக் கேர்ள்’ அதே முதலிடத்துக்குப் போனது. 2004 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த புரொடியூசர் விருதும் இவர்களுக்கே.

சரி, இப்படிப்பட்டவர் தனியாக ஆல்பம் போடப்போகிறார் என்றால் ஆசை எந்த அளவுக்கு இருந்திருக்கும்? 2003இல் தன் பெயரில் விட்ட ‘ஃப்ரன்டின்’ அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியிருந்தது. ஜே-ஸீ ஒரு வெர்ஸ் சொல்ல, ஃபாரெல் மெல்லிய ஃபால்செட்டோவில், அதாவது குரலை மேலே தூக்கிய பொய்க்குரலில் பாடியிருந்தார். அந்தக் குரல் அப்படியொன்றும் வலுவான குரல் அல்ல. கொஞ்சம் நடுங்கும், சில இடங்களில் சுருதி தொட்டும் தொடாமலும் நிற்கும். அதுதான் அழகாக இருந்தது. கெத்தாக நடிக்கிற ஒருவன், உள்ளே தனக்கு அவள்மேல் ஆசை இருப்பதை மறைக்கமுடியாமல் சொல்லிவிடுகிற பாட்டு அது. பலவீனமான குரலுக்கும் அந்தச் சூழலுக்கும் அவ்வளவு பொருத்தம். பாட்டு ஹாட் 100இல் ஐந்தாம் இடம் வரை போனது. இன்னும் பத்து பாட்டு இதே மாதிரி கொடு என்றுதான் கேட்டவர்கள் காத்திருந்தார்கள்.

வந்ததோ வேறு. 2005 இறுதியில் வரவேண்டியது தள்ளிப்போய் அடுத்த ஆண்டு நடுவில் வந்தது. திட்டம் இதுதான்: பாதி ராப், பாதி ஆர்&பி, அதாவது ரிதம் அண்ட் புளூஸ் என்ற பாட்டு வகை. முதல் பகுதியில் ராப்பர் ஃபாரெல், இரண்டாம் பகுதியில் பாடகர் ஃபாரெல். கூடவே ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், ஸ்னூப் டாக், நெல்லி, புஷா டி, ஸ்லிம் தக், சார்லி வில்சன், க்வென் ஸ்டெஃபானி என்று பெரிய விருந்தினர் வரிசை. விற்பனையை மட்டும் பார்த்தால் தோல்வி என்று சொல்லமுடியாது. முதல் வாரத்தில் ஏறக்குறைய 142,000 பிரதிகள், ஆல்பங்களுக்கான பில்போர்ட் 200 பட்டியலில் மூன்றாம் இடம். கிராமியில் சிறந்த ராப் ஆல்பம் பிரிவில் பரிந்துரைகூடக் கிடைத்தது. அந்த ஆண்டு லூடக்ரிஸ் வென்றார். ஆனால் ஃபாரெல் என்ற பெயர் மேலே இருந்தும் அமெரிக்காவில் ஒரு சிங்கிள்கூட, அதாவது தனியாக வெளியிட்ட பாட்டுகூட, பெரிதாக எழவில்லை. முதல் சிங்கிளான ‘கேன் ஐ ஹாவ் இட் லைக் தட்’ பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனது, சொந்த நாட்டு ஹாட் 100இல் 49இல் நின்றுவிட்டது. அடுத்தவருக்குக் கொடுத்தால் முதலிடம், தனக்கே வைத்துக்கொண்டால் 49.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் கேட்போம். ஏனென்றால் ஆல்பத்தின் நல்லதும் கெட்டதும் முழுக்க இதிலேயே இருக்கிறது.

பாட்டு தொடங்கியதும் ஒரு பேஸ். மரப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ தடித்த கம்பியைச் சுண்டுகிற மாதிரி, ஜாஸ் மேடை வாசனையோடு உருண்டு வருகிறது. அதன் கீழே டிரம்ஸ். அவ்வளவுதான், சுற்றிலும் வெற்றிடம். தனி பீட்டாகக் கேட்டால் பிரமாதம், இன்றைக்கும் அலுக்கவில்லை. அந்த வெற்றிடம் வழக்கமாக யாருக்காக விடப்படும்? ஜே-ஸீ மாதிரி ஓர் ஆளுக்கு. ஒரு சொல்லை நீட்டி, அடுத்ததை விழுங்கி, தாளத்துக்குப் பின்னால் சோம்பலாக நடந்து வந்து, சரியான இடத்தில் போய் நிற்கத் தெரிந்தவருக்கு. இங்கே அந்த இடத்தில் ஃபாரெலே வந்து நிற்கிறார். தாளம் தப்பவில்லை. பிறவி டிரம்மர், எங்கே தப்பும்? ஆனால் அவர் தாளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். டிரம் விழும் இடத்தில் சொல்லும் விழுகிறது. பீட் ஏற்கெனவே சொன்னதைத்தான் குரலும் சொல்கிறது. விட்ட இடத்தில் ஆள் வந்தும் இடம் காலியாகவே கிடக்கிற மாதிரி ஓர் உணர்வு. க்வென் ஸ்டெஃபானிக்கு இருப்பதோ ஒரே ஒரு வரி. "உனக்கு இப்படித்தான் கிடைக்கும்" என்ற பொருளில் அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். அவர் வரும்போதெல்லாம் பாட்டு சட்டென்று உயிர் பெறுவதைக் கவனியுங்கள். ஒரு வரிதான், ஆனால் இன்னொருவரின் குரல்.

வரிகள் என்ன சொல்கின்றன? கார், நகை, விமானம், பெண்கள். பணம் வந்த கதை. ராப்பில் இது புதிதும் அல்ல, குற்றமும் அல்ல. பெருமை பேசுவது அந்தக் கலையின் மரபு, அதில் மகா கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெருமைக்கு அடியில் ஏதாவது இருந்தால்தான் அது எடுபடும். எதிலிருந்து தப்பி வந்தாய், யார் உன்னை நம்பவில்லை, எதை இழந்தாய் என்று ஒன்று வேண்டும். ஃபாரெலின் வெர்ஸ்களில் விலைச்சீட்டு இருக்கிறது, கதை இல்லை. ஒரு ராப்பர் இப்படித்தான் பேசவேண்டும் என்று அவர் பிறரிடம் கேட்டறிந்ததை ஒப்பிப்பது போலவே பல இடங்களில் படுகிறது.

இதில் எனக்கு வருத்தம் தருவது, அவரிடம் சொந்தக் கதை இல்லாமல் இல்லை என்பதுதான். ஸ்கேட்போர்டு ஓட்டுகிற, பள்ளி பேண்டில் டிரம் அடிக்கிற, ராக்கும் ஜாஸும் கேட்கிற ஒரு கறுப்பினப் பையன். தன் வட்டத்தில் எதிலும் முழுசாகப் பொருந்தாதவன். ராப் என்றால் தெருச் சண்டையும் போதைப்பொருளும்தான் என்று இருந்த நேரத்தில் இப்படி ஒருவன் வந்தது எவ்வளவு புதிய செய்தி! சாட், ஷே ஹேலி இருவரோடும் சேர்ந்து நடத்திய என்.ஈ.ஆர்.டி. குழுவில் அந்த ஆளைக் கேட்கலாம். குழுவின் பெயரே படிப்பாளிப் பையனைக் கேலியாகக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான், அதைப் பெருமையாக மார்பில் குத்திக்கொண்டார்கள். தன் பெயர் போட்ட ஆல்பத்தில் மட்டும் அந்தப் பையனை வீட்டில் விட்டுவிட்டு, பணக்கார ராப்பரை அழைத்து வந்திருக்கிறார்.

முழுக்க விட்டுவிட்டார் என்றும் சொல்லமுடியாது. ‘யூ கேன் டூ இட் டூ’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. பிரிட்டிஷ் ஜாஸ் பாடகர் ஜேமி கலம் அதில் சேர்ந்திருக்கிறார். ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் மேடை விளக்கில் நடக்கின்றன என்றால், இது மாலை வெயிலில் நடக்கிறது. ஸ்வரங்கள் ஒன்றின் மேல் ஒன்று மெதுவாகச் சரிகின்றன, டிரம்ஸ் அதட்டவில்லை. ஃபாரெல் இங்கே கத்திப் பேசவில்லை, யாரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறார். தலைப்பே செய்தி: உன்னாலும் முடியும். எளிய வார்த்தைதான், பெரிய கவித்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவர் யார் என்று தெரிந்து பேசுகிறார். ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்’ பாட்டிலும் அவர் தன் வாழ்க்கைக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறார். இந்த இரண்டையும் கேட்கும்போது, இன்னொரு ‘இன் மை மைண்ட்’ இருந்திருக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் பகுதி ஆர்&பி பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ‘ஏஞ்சல்’ துள்ளலான சின்னப் பாட்டு. ‘நம்பர் ஒன்’ எண்பதுகளின் சிந்தசைசர் பளபளப்போடு இனிமையாகப் போகும், கான்யே வந்து ஒரு வெர்ஸ் சொல்லிவிட்டுப் போவார். மற்றவை ‘ஃப்ரன்டி’னின் நிழல்கள்.

சரி, ஏன் இப்படி ஆனது? அவருக்கு ராப் வராது என்று சிலர் முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பாது. ‘டிராப் இட் லைக் இட்ஸ் ஹாட்’ பாட்டில் முதல் வெர்ஸ் யாருடையது? ஃபாரெலுடையதுதான். அந்த வெர்ஸை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் எத்தனையோ பேர். பணப்பெருமைதான் அங்கேயும். ஆனால் ஒரு வெர்ஸோடு விலகிவிடுகிறார், ஸ்னூப் வருகிறார், அந்த வழவழப்பான குரல் பாட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. விருந்தாளியாக வந்தபோது ஃபாரெல் எப்போதும் ரசிக்கத்தக்கவர். ஒரு முழு வீட்டை ஒரே ஆளாகக் குரலால் நிரப்பவேண்டும் என்றபோதுதான் திணறினார்.

இன்னொன்று, அறையில் யார் இல்லை என்பது. இந்த ஆல்பத்தைத் தயாரித்தது ஃபாரெல் மட்டுமே. சாட் ஹ்யூகோ இல்லை. நெப்டியூன்ஸ் இசையில் யார் எந்த ஒலியைச் செய்தார் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து செய்யும் வேலையில் ஒருவர் மற்றவருக்குக் காது. ஃபாரெல் தன் தொழில் வாழ்க்கை முழுக்கப் பிறருக்குக் காதாக இருந்தவர். ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் மைக் முன்னால் நிற்பவரிடம் "இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக", "அந்த வரி வேண்டாம்", "இது நீ இல்லை" என்று சொல்லவேண்டிய வேலை. ராப் உலகில் அந்த வேலையில் அவரை மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்தான். 2006இல் கண்ணாடியின் இரண்டு பக்கமும் அவரே. "இது நீ இல்லை" என்று சொல்ல ஆள் இல்லை.

இதற்கு அதே ஆண்டிலேயே சாட்சி இருக்கிறது. நான்கு மாதம் கழித்து, 2006 நவம்பர் 28 அன்று, க்ளிப்ஸின் ‘ஹெல் ஹாத் நோ ஃப்யூரி’ வெளிவந்தது. புஷா டி, மாலிஸ் என்ற இரண்டு சகோதரர்கள், அதே வர்ஜீனியா பீச்காரர்கள். இசை நெப்டியூன்ஸ். நிறுவனங்கள் இணைந்ததில் இவர்களுடைய ஒப்பந்தம் கைமாறி, சட்டச் சண்டை வரை போய், ஆல்பம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அந்தக் கசப்பு முழுக்க ஆல்பத்தில் இறங்கியிருக்கிறது. பீட்களைக் கேளுங்கள். ஒரு பாட்டில் அக்கார்டியன் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும், இன்னொன்றில் ஸ்டீல் டிரம், மற்றொன்றில் ஹார்ப் ஒன்று சில்லிட்டுக் கீறும். எலும்பும் தோலுமான இசை. இன்றைக்கும் அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ராப் ஆல்பங்களைச் சொல்லும்போது அதன் பெயர் வரும். ஆக, 2006இல் ஃபாரெலின் கற்பனை வற்றிப்போகவில்லை. பிறருக்குக் கொடுத்தபோது அது நன்றாகவே கொடுத்தது.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. அந்த ஆல்பத்தின் ‘மிஸ்டர் மீ டூ’ பாட்டில் ஃபாரெலும் ஒரு வெர்ஸ் சொல்கிறார். அதே பகட்டுப் பேச்சுதான், தன் ஆல்பத்தில் பேசியதற்கும் இதற்கும் பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் புஷாவும் மாலிஸும் வருகிறார்கள். அவர்கள் குரலில் இருக்கும் அச்சமும் எரிச்சலும் ஃபாரெலின் அலட்டலுக்குக்கூட ஒரு கனத்தைக் கொடுத்துவிடுகின்றன. தனியாக வைத்தால் வெறும் அலட்டல், வரிசையில் வைத்தால் கதையின் ஒரு பாத்திரம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்லவருவது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

புரொடியூசர்கள் மைக்கைப் பிடிப்பது ஃபாரெலோடு தொடங்கிய கதையும் அல்ல. டாக்டர் ட்ரே 1992இல் ‘தி க்ரானிக்’ போட்டார். அட்டையில் அவர் முகம், ஆனால் உள்ளே திரும்பிய இடமெல்லாம் இருபத்தொரு வயது ஸ்னூப். ட்ரே சொன்ன வரிகளில் நிறையப் பிறர் எழுதியவை, அதை அவர் மறைத்ததும் இல்லை. தன்னையும் இன்னொரு வாத்தியமாக வைத்து ஆல்பத்தைத் தயாரித்தார். கான்யே வெஸ்ட் எதிர்ப்பக்கம் போனார். அவர் குரலும் நடையும் ஆரம்பத்தில் ஃபாரெலைவிட ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் சொல்லியே தீரவேண்டிய சங்கதி அவரிடம் இருந்தது. கல்லூரியை விட்டது, கார் விபத்தில் தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தபோதே பாடியது, உன்னை யார் ராப்பராக ஏற்பார்கள் என்று கேட்ட இசை நிறுவனங்கள். 2004இல் ‘தி காலேஜ் டிராப்அவுட்’ முதல் வாரத்திலேயே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. ட்ரேயின் வழி ஃபாரெலுக்கு இயல்பாகவே வரும், கான்யேயின் வழிக்கு வேண்டிய கதையும் அவரிடம் இருந்தது. இரண்டையும் எடுக்காமல் நடுவில் நின்றுவிட்டார். பின்னாளில் ஒரு பேட்டியில் அவரே இதை ஒப்புக்கொண்டார். அந்தப் பாட்டுகளை அகந்தையில் எழுதினேன், பணத்தையும் அந்த வாழ்க்கையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், ஜே-ஸீ போலவும் பஃப் டாடி போலவும் ஆக நினைத்தேன், அது அவர்கள் பாதை, என்னுடையது வேறு என்ற பொருளில் சொன்னார். தன் ஆல்பத்தைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் கலைஞர்கள் அரிது. அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது அதைப் படித்தபோதுதான்.

ஆனாலும் ஆல்பத்தை அவர் சொன்னபடி மூடிவைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, அதன் இரண்டு உடன்பிறப்புகள். ஆல்பத்துக்கு முன்னோட்டமாக, டிஜே டிராமாவோடு சேர்ந்து ‘இன் மை மைண்ட்: தி ப்ரீக்வல்’ என்று ஒரு மிக்ஸ்டேப், அதாவது முறையான ஆல்பமாக இல்லாமல் விடும் பாட்டுத் தொகுப்பு, வந்தது. டிராமாவின் ‘கேங்ஸ்டா க்ரில்ஸ்’ வரிசையில் ஒன்று. அதில் ஃபாரெல் பெரும்பாலும் பிறர் செய்த பழைய பீட்களின் மேல் ராப் செய்கிறார். எவ்வளவு லேசாக இருக்கிறார் தெரியுமா! தன் பீட்டைத் தூக்கி நிறுத்தவேண்டிய சுமை இல்லை, சிங்கிள் ஓடவேண்டிய கவலை இல்லை. சிரிக்கிறார், சொல்லோடு விளையாடுகிறார், இடையில் டிராமா கத்தி உசுப்பேற்றுகிறார். மறுபடியும் பாருங்கள், அறையில் இன்னொரு குரல். அடுத்தது ‘அவுட் ஆஃப் மை மைண்ட்’. தி ரூட்ஸ் குழுவின் டிரம்மர் க்வெஸ்ட்லவ், கீபோர்டு கலைஞர் ஜேம்ஸ் பாய்சர் ஆகியோர் ஆல்பத்தின் பாட்டுகளை நேரடி வாத்தியங்களோடு புதிதாகக் கட்டினார்கள். கடையில் அது முறையாக விற்பனைக்கு வரவில்லை, இணையத்தில்தான் பரவியது. அதே ஃபாரெல் குரல், அதே வரிகள். ஆனால் கீழே டிரம்ஸ் மூச்சு விடுகிறது, கீபோர்டு குரலுக்குப் பதில் சொல்கிறது. மூலத்தில் விறைப்பாக நின்ற சில வெர்ஸ்கள் இங்கே தோள் தளர்த்தி உட்காருகின்றன. பாட்டுகளின் எலும்பு நன்றாகத்தான் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இரண்டாவது காரணம் ஒரு பையன். 2006இல் கலிஃபோர்னியாவில் பதினைந்து வயது. ஸ்கேட்போர்டு, விநோதமான உடை, எந்தக் கூட்டத்திலும் ஒட்டாத குணம். டைலர் தி க்ரியேட்டர் என்று பின்னால் உலகம் அறிந்த அவருக்கு, இந்த உலகத்திலேயே பிடித்த ஆல்பம் ‘இன் மை மைண்ட்’. எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் அதைச் சொல்வார். தன் வாழ்க்கையை மாற்றியது என்பார். விமர்சகர்கள் கலவையாக எழுதிவிட்டுக் கடந்துபோன ஆல்பத்தை ஒரு பதின்மவயதுப் பையன் வேறு மாதிரி கேட்டிருக்கிறான். எங்களுக்கு அலட்டலாகத் தெரிந்தது அவனுக்கு அனுமதியாகத் தெரிந்திருக்கிறது: நம்மை மாதிரி ஒருத்தன் இவ்வளவும் பெறலாம், ஜாஸ் ஸ்வரங்களும் ராப்பும் ஒரே பாட்டில் இருக்கலாம், ராப் செய்த வாயாலேயே மெலிந்த குரலில் பாடவும் செய்யலாம். ‘யூ கேன் டூ இட் டூ’ யாரை நோக்கிப் பேசியதோ, அந்த ஆள் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டைலரின் ஆல்பங்களைக் கேட்டுவிட்டு ‘இன் மை மைண்ட்’டுக்குத் திரும்பினால் இது இன்னும் தெளிவாகும். முரட்டு டிரம்முக்கு மேல் மிருதுவான ஸ்வரக் கூட்டுகள், பாட்டின் நடுவில் திடீர்த் திருப்பம், அடித்தொண்டை ராப்பும் பலவீனமான பாட்டுக்குரலும் பக்கத்தில் பக்கத்தில். 2021இல் ‘கால் மீ இஃப் யூ கெட் லாஸ்ட்’ ஆல்பத்துக்கு அவர் அழைத்துவந்து கத்தவிட்டது யாரை? டிஜே டிராமாவைத்தான். அந்தப் பழைய ப்ரீக்வல் மிக்ஸ்டேப் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். கார், பயணம், நகை என்று அதிலும் பகட்டு நிறைய உண்டு. ஆனால் அந்தப் பகட்டின் நடுவே நண்பனின் காதலிமேல் வந்த காதல், தான் தோற்ற கதை என்று எட்டு நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் சொல்கிற ஒரு பாட்டும் இருக்கிறது. விலைச்சீட்டும் கதையும் ஒன்றாக. சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது. பதினைந்து ஆண்டுக்கு முன் ஃபாரெல் பரிந்துரையோடு நின்ற அதே பிரிவு.

இதனால் ‘இன் மை மைண்ட்’ நல்ல ஆல்பம் ஆகிவிடாது. நான் இப்போதும் அதை முழுசாகக் கேட்பதில்லை. நான்கைந்து பாட்டு, அப்புறம் மிக்ஸ்டேப்புக்குப் போய்விடுகிறேன். ஆனால் அதை ஃபாரெலின் வாழ்க்கையில் ஒரு தவறான திருப்பம் என்று சொல்லித் தள்ளிவிடுவதை ஏற்கமாட்டேன். அதற்கு அப்புறம் அவர் தன் பெயரில் அடுத்த ஆல்பம் போட எட்டு ஆண்டு எடுத்துக்கொண்டார். 2014இல் வந்த ‘கேர்ல்’ ஆல்பத்தில் முழுக்கப் பாடினார், ராப்பர் வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டார். ‘ஹாப்பி’ அதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டை முதலில் அவர் வேறு ஒரு பாடகருக்குக் கொடுத்திருந்தார், சீ லோ க்ரீனுக்கு. சுற்றிவந்துதான் அது அவர் கைக்குத் திரும்பியது. அதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. அடுத்தவருக்கென்று செய்த உடையில்தான் அவர் மிகவும் இயல்பாக இருந்திருக்கிறார்.

2022இல் ‘கேஷ் இன் கேஷ் அவுட்’ என்று ஒரு சிங்கிள் வந்தது. பாட்டு ஃபாரெல் வில்லியம்ஸ் பெயரில். தலைப்பே பணம்தான். கீழே உறுமுகிற பேஸ், தெறிக்கிற டிரம், நடுவில் அதே பழைய வெற்றிடம். அதில் 21 சாவேஜ் என்ற ராப்பர் வந்து சொல்கிறார், அப்புறம் டைலர் வந்து மூச்சு விடாமல் ஒரு வெர்ஸைக் கொட்டுகிறார். தன் பெயர் போட்ட அந்தப் பாட்டில் ஃபாரெல் ராப் செய்யவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டார்.